ஜான் ஹவ்லண்ட் கவர்னர் வீட்டு மாப்பிள்ளையா?

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ப்ளிமத் ஊரில் பரியல் ஹில் என்றொரு மேடு இருக்கிறது. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் குடியேற வந்த தலைமுறைக்கு நினைவுக் கற்கள் நிற்கும் பழைய கல்லறைத் தோட்டம் அது. அங்கே 19ஆம் நூற்றாண்டில், அந்தக் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் சந்ததியார் அவர் பெயரில் ஒரு கல் நட்டார்கள். அவர் மணந்தது குடியேற்றத்தின் முதல் கவர்னர் ஜான் கார்வரின் மகளை என்று அதில் பொறித்தார்கள். அவர்களுக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. வீட்டில் வழிவழியாகக் கேட்டதைத்தான் கல்லில் ஏற்றினார்கள். ஆனால் செய்தி தவறு. கார்வருக்கும் ஹவ்லண்டின் மனைவிக்கும் ரத்த உறவே கிடையாது.

குடிவழி தேடுகிறவர்கள் இந்தக் கல்லை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். இன்று இணையத்தில் ஒரு ஆங்கிலக் குடியேறியின் பெயரைத் தட்டினால் நூற்றுக்கணக்கான வம்சாவளி மரங்கள் வந்து நிற்கின்றன. எல்லா மரத்திலும் ஒரே தேதி, ஒரே ஊர், ஒரே பெற்றோர். இத்தனை பேர் சொல்கிறார்களே என்று மனம் நம்பிவிடுகிறது. சொன்னது ஒருவர்தான், மற்றவர்கள் படியெடுத்தவர்கள். நூறு நகல் நூறு சாட்சி ஆகாது. கல்லில் பொறித்தாலும் அது சாட்சி ஆகாது. செத்தவரைப் பார்த்திராதவர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு நட்ட கல் என்றால் அதற்கு நகலுக்குள்ள மதிப்புதான்.

ஹவ்லண்டின் கதையை ஆதாரங்களின் வரிசையில் வைத்துப் பார்த்தால் இந்தத் தேடலில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அந்த ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. அதனால்தான் இவரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஜனாதிபதிகளில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் இவர் வழி வந்தவர்கள் என்பதால் இவரைத் தேடுகிறவர்களும் அதிகம்.

ஹவ்லண்ட் கார்வர் வீட்டுப் பணியாளாகக் கப்பலேறியவர். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார். 1621 வசந்த காலத்தில் கார்வர் இறந்தார், சில வாரங்களில் அவர் மனைவி கேத்தரினும் போய்விட்டார். கார்வர் தம்பதியின் பிள்ளை என்று கப்பலில் யாரும் இல்லை. ஆனாலும் எஜமானின் மகளை நம்பிக்கையான பணியாள் மணந்தான் என்ற கதை வேர் பிடித்தது. கேட்க இனிமையான கதை. அதற்கு ஒட்டுப்போட ஒரு பெயரும் இருந்தது: ஹவ்லண்டின் மூத்த மகள் பெயர் டிசையர், கார்வர் வீட்டோடு வந்த இளம்பெண் பெயர் டிசையர் மின்டர். அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஏதோ உறவு இருந்ததாகத் தோன்றத்தானே செய்யும்? பெயர் ஒற்றுமை எங்கே தேடலாம் என்பதற்குத் துப்பு தரும். உறவு இருந்தது என்று அது நிரூபிக்காது. வம்சாவளித் தவறுகளில் பாதி, துப்பை நிரூபணமாக எடுத்துக்கொண்டதால் வந்தவை.

ஃபுல்ஹம் நூலகத்துக் கையெழுத்து

ப்ளிமத் குடியேற்றத்தின் கவர்னராகப் பல ஆண்டுகள் இருந்த வில்லியம் பிராட்ஃபோர்ட் அதன் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். பாஸ்டனில் ஒரு தேவாலய நூலகத்தில் இருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமல் போனது. லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் அரண்மனை நூலகத்தில் அது இருப்பது 1855இல்தான் தெரியவந்தது. 1856இல் அச்சானது. 1897இல் மூலப் பிரதியே மாசச்சூசெட்ஸுக்குத் திரும்பியது.

அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல். கப்பலில் வந்தவர்கள் யார், யார் வீட்டோடு யார் வந்தார்கள், முப்பது ஆண்டுகள் கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள், அவர்கள் வழியில் எத்தனை பேர் என்று 1650 வாக்கில் பிராட்ஃபோர்ட் வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார். கார்வர் வீட்டுக் கணக்கில் இப்படி வருகிறது: அவர் பணியாளர் ஜான் ஹவ்லண்ட், ஜான் டிலியின் மகள் எலிசபெத்தை மணந்தார்; இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்; 10 பிள்ளைகள், அத்தனை பேரும் உயிரோடு; மூத்த மகளுக்கு 4 குழந்தைகள், இரண்டாம் மகளுக்கு 1; ஆக இவர்கள் வழி வந்தவர்கள் 15. டிலி வீட்டுக் கணக்கிலும் அதே செய்தி இன்னொரு முறை வருகிறது: ஜானும் அவர் மனைவியும் கரையிறங்கிய சிறிது காலத்திலேயே இறந்தார்கள், அவர்கள் மகள் எலிசபெத் ஹவ்லண்டை மணந்தாள் என்று.

ஒன்றரை நூற்றாண்டு வாய்மொழியை இந்த இரண்டு வரிகள் சாய்த்துவிட்டன. எதனால் இவற்றுக்கு இந்த எடை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் அதே கப்பலில் வந்தவர், அதே ஊரில் முப்பது ஆண்டுகள் அண்டைவீட்டாராக வாழ்ந்தவர். தம்பதி இருவரும் உயிரோடு இருக்கும்போது எழுதுகிறார். பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. ஒரே செய்தியை இரு வீட்டுக் கணக்கிலும் எழுதியிருக்கிறார், இரண்டும் ஒத்துப்போகின்றன. பத்தும் நான்கும் ஒன்றும் கூட்டினால் பதினைந்து சரியாக வருகிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், நேரில் தெரிந்து எழுதினாரா, எதற்காக எழுதினார் என்ற நான்கு கேள்விகளை எந்த ஆவணத்திடமும் கேட்க வேண்டும். பரியல் ஹில் கல் முதல் மூன்றிலும் தோற்றுவிடுகிறது. பின்னாளில் அங்கே புதுக்கல் வந்தது. அதில் ஜான் டிலியின் மகள் எலிசபெத் என்றே இருக்கிறது.

கவர்னர் வீட்டு மாப்பிள்ளை என்ற பெருமை போனதில் அந்தக் காலத்தில் வருத்தப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கோ பிராட்ஃபோர்ட் சொல்லும் எலிசபெத்தான் பெரியவளாகத் தெரிகிறாள். பதின்மூன்று வயதில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி நால்வரையும் முதல் குளிர்காலத்திலேயே பறிகொடுத்த பெண். அவளுக்குப் பிறந்த பத்துப் பேரும் வளர்ந்து ஆளானார்கள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு அரிது!

தாய்பத்திரம் கேட்பது போல

நிலம் வாங்கும்போது இப்போது விற்கிறவரின் பத்திரத்தில் தொடங்கி, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று தாய்பத்திரம் வரை போகிறோம். நடுவில் ஒரு கை மாறியதற்குக் காகிதம் இல்லையென்றால் வாங்க யோசிக்கிறோம். குடிவழிக்கும் இதே முறைதான். தன்னில் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். புகழ்பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அவரிலிருந்து தன்னை நோக்கி இறங்கி வந்தால் ஒரே பெயருள்ள யாரோ ஒருவர் வழியாக எப்படியும் நம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆசை வழி காட்டும் தேடல் அப்படித்தான் முடியும்.

ஹவ்லண்ட் வரை போக ஏறக்குறைய 12, 13 தலைமுறைகள். சிக்கல் முதல் சில தலைமுறைகளில் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 17ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்து நன்றாக ஆராயப்பட்டுவிட்டது. மேஃப்ளவர் பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளைச் சந்ததியார் சங்கமே ஆவணங்களோடு தொகுத்து வெளியிட்டிருக்கிறது. சங்கிலி அறுந்துபோவது 1750க்கும் 1850க்கும் நடுவில். நிலம் தேடி மக்கள் மேற்கே நியூயார்க், ஒஹாயோ என்று நகர்ந்த காலம் அது. மாசச்சூசெட்ஸ் ஊர்களில் பிறப்பு, திருமணப் பதிவுகள் தொடக்கத்திலிருந்தே உண்டு. நியூயார்க் மாநிலத்தில் அது 1880களில்தான் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கினாலும் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் வருவது 1850 முதல், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880 முதல். 1890 கணக்கெடுப்பின் ஏடுகள் தீயில் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆக, நியூயார்க்கில் 1820இல் பிறந்த ஒருவரின் தகப்பனை நிரூபிக்க வேண்டுமானால் உயில், நிலப்பத்திரம், ராணுவ ஓய்வூதிய மனு, தேவாலயப் பதிவு என்று துண்டு துண்டாகத்தான் சேர்க்க முடியும். தகப்பன் இறந்தபின் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு விற்ற நிலப்பத்திரம் கிடைத்தால் அது புதையல். கல்யாணமான பெண்களின் கணவர் பெயர்கள்கூட அதில் இருக்கும்.

அந்தப் பத்திரங்களும் எங்கும் தப்பிக்கவில்லை. ஹவ்லண்டின் மூத்த மகள்கள் டிசையரும் ஹோப்பும் வாழ்ந்த பார்ன்ஸ்டபிளில் 1827இல் நீதிமன்றக் கட்டடம் எரிந்து நிலப்பத்திர ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. உயில் ஏடுகள் பெருமளவு தப்பின. அந்தப் பகுதிக் குடும்பத்தைத் தேடுகிறவர் இல்லாத பத்திரத்துக்காக நாள் கழிக்காமல் நேரே உயில்களுக்குப் போய்விட வேண்டும்.

மரபணுச் சோதனையை இங்கே பெரிதாக நம்ப வேண்டாம். 12 தலைமுறைக்கு மேலிருக்கும் ஒருவரின் கூறு சாதாரணச் சோதனையில் அகப்படாது. ஆண்வழி மட்டுமோ பெண்வழி மட்டுமோ இடையறாமல் வந்த சந்ததிக்குத்தான் அது உதவும்.

இறந்தபின் எழுதிய உயில்?

ஹவ்லண்டின் உயிலில் உள்ள தேதி 29 மே 1672. ப்ளிமத் குடியேற்ற ஆவணத்தில் அவர் இறந்த தேதி 23 பிப்ரவரி 1672. முதன்முறை பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். இறந்து மூன்று மாதம் கழித்து உயில் எழுதினாரா? போலி உயிலா? வேறொரு ஹவ்லண்டா?

இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் 1752க்கு முன்பு சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். மே 1672க்குப் பிறகு டிசம்பர் வந்து, ஜனவரி, பிப்ரவரி கடந்து, மார்ச் 24 வரை 1672தான். ஆகவே உயில் முதலில், ஒன்பது மாதம் கழித்து மரணம். நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1673ஐச் சேர்ந்தது. குழப்பம் வராமலிருக்க 1672/3 என்று இரட்டையாக எழுதுவது வழக்கம். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியைக் குறிக்கும்போதும் இதை விடக்கூடாது. விட்டால் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளும், தாய் இறந்தபின் பிறந்த குழந்தைகளும் மரத்தில் முளைப்பார்கள். ‘முதலாம் மாதம்’ என்று இருந்தால் அது மார்ச், ஜனவரி அல்ல.

அந்த மரணக் குறிப்பிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. மேஃப்ளவரில் வந்தவர்களில் ப்ளிமத்தில் வாழ்ந்தவர்களுள் கடைசி ஆண் இவர் என்று அது சொல்கிறது. ‘ப்ளிமத்தில் வாழ்ந்தவர்களுள்’ என்பதை விட்டுவிட்டுப் பலர் இவரையே கடைசி மேஃப்ளவர் ஆண் என்று எழுதிவிட்டார்கள். டக்ஸ்பரி என்ற பக்கத்து ஊரில், அதே கப்பலில் வந்த ஜான் ஆல்டன் 1687 வரை இருந்தார். வாக்கியத்தை முழுதாகப் படித்தால் போதும். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. 1592 வாக்கில் பிறந்தார் என்ற கணக்கு இதிலிருந்து வந்ததுதான். முதியவர்களின் வயதை அந்தக் காலத்தில் உருட்டிச் சொல்வார்கள் என்பதால் ‘வாக்கில்’ என்ற சொல்லை மரத்தில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைகளுக்கு எதிர்பாராத இடத்தில் சான்று கிடைக்கும். 1627 மே மாதம் ப்ளிமத்தில் மாடுகளைப் பங்கு போட்டார்கள். மொத்தக் குடியேற்றத்தையும் 12 குழுக்களாக, குழுவுக்கு 13 பேராகப் பிரித்து, குழந்தைகள் உட்பட எல்லோர் பெயரையும் எழுதினார்கள். நான்காம் குழு ஹவ்லண்டுடையது. ஜேக்கப் என்ற கப்பலில் வந்த நான்கு கிடாரிகளில் ஒன்று அவர்களுக்கு விழுந்தது. அதன் பெயர் ராக்ஹார்ன். அந்தப் பட்டியலில் ஹவ்லண்டின் மனைவி எலிசபெத்துக்கு அடுத்து மகன் ஜான், பிறகு டிசையர். ஆக அந்த மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஜான் பெயர் முன்னால் வருவதால் அவர்தான் மூத்தவர் என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் பட்டியல்களில் பையன்கள் பெயரை முதலில் எழுதுவது வழக்கம்.

ஒரு ஜோடி படுக்கை விரிப்பு

எலிசபெத் கணவருக்குப் பிறகு மகள் லிடியா பிரவுன் வீட்டில் வாழ்ந்து 1687இல் இறந்தார். 1686 டிசம்பர் 17 தேதியிட்ட அவர் உயில் ஒரு வீட்டின் உட்புறத்தையே திறந்து காட்டுகிறது. மூத்த மகன் ஜானுக்கு ஐந்து பவுண்டு. ஜோசப்புக்குத் தூக்குக்கோல். ஜேபெஸுக்கு அவர் வீட்டிலேயே கிடக்கும் இறகு மெத்தையும் பெரிய இரும்புப் பானையும். ஐசக்கிடம் ஏற்கெனவே இருக்கும் பெரிய பித்தளை அண்டா அவருக்கே. லிடியாவுக்குச் சிறந்த இறகு மெத்தை, பச்சை நிற விரிப்பு, சின்னப் பித்தளை அண்டா, சின்ன பைபிள், வீட்டிலேயே மெல்லிய படுக்கை விரிப்பு ஜோடி. எலிசபெத் டிக்கின்சனுக்கு ஒரு ஜோடி விரிப்பும் ஒரு பெட்டியும். ஹானா பாஸ்வொர்த்துக்கு ஒரு ஜோடி விரிப்பு. பார்த்துக்கொண்டவளுக்கு நல்லது போனதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளை எண்ணுங்கள்: ஏழு. இந்த உயிலை மட்டும் வைத்து மரம் வரைந்தால் டிசையர், ஹோப், ரூத் மூவரும் இல்லாமல் போவார்கள். மூவரும் தாய்க்கு முன்பே இறந்துவிட்டவர்கள். அவர்கள் பெயர் தகப்பனின் 1672 உயிலில் இருக்கிறது. ஆறு மகள்களுக்கும் கணவன் வீட்டுப் பெயரோடு ஆளுக்கு இருபது ஷில்லிங் எழுதியிருக்கிறார். உயிலில் பெயர் இருந்தால் பிள்ளை என்று சொல்லலாம். பெயர் இல்லாததால் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்பே பங்கு வாங்கிப் பிரிந்த மகனும் விடுபட்டிருப்பான். கணவன், மனைவி இருவர் உயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

நியூ இங்கிலாந்தில் வேலை முடியும் முன் இங்கிலாந்துப் பதிவேட்டைத் தொடக் கூடாது. இந்த அவசரத்தில்தான் அதிகமானோர் விழுகிறார்கள். ஆங்கிலப் பாரிஷ்களில், அதாவது தேவாலய வட்டாரங்களில், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுத 1538இல் உத்தரவு வந்தது. 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு நகல் அனுப்ப வேண்டும் என்றும் ஏற்பாடு. மூல ஏடு எலி தின்று போனாலும் நகல் இருக்கக்கூடும். நம் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி தேவாலயப் பதிவேடும் இதே மரபில் வந்ததுதான். 1680இல் அங்கே பதிவான முதல் திருமணம் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேலுடையது. மதராஸ் நகல்களும் பிறகு லண்டனுக்குப் போயின.

பிரச்சினை என்னவென்றால், ஜான், தாமஸ், வில்லியம், எலிசபெத், மேரி என்ற சில பெயர்களே ஊரெல்லாம். பெயரும் ஏறக்குறைய வயதும் பொருந்தினால் போதும் என்று எடுத்துக்கொண்டால் எந்த ஊரிலும் ஒரு ஜான் டிலி கிடைப்பார். அப்படித்தான் 1615இல் ஹாலந்தின் லேடனில் பிரிட்ஜெட் என்ற பெண்ணை மணந்த ஒரு ஜான் டிலியை மேஃப்ளவர் டிலி என்று எடுத்துக்கொண்டு பலகாலம் எழுதினார்கள். இடையே ஒரு ஆவணம் இரு கரையையும் கட்டிப்போட வேண்டும். ஹவ்லண்டுக்கு அந்தக் கட்டு அவர் சகோதரர் ஹம்ஃப்ரி. லண்டனில் துணி வியாபாரி. 1646இல் நிரூபணமான அவர் உயிலில் ஜான், ஆர்தர், ஹென்றி என்ற சகோதரர்கள் வருகிறார்கள், நியூ இங்கிலாந்திலிருந்து வர வேண்டிய கடனும் வருகிறது. அதே மூன்று பேர் ப்ளிமத் ஆவணங்களில் இருக்கிறார்கள். அங்கிருந்துதான் இங்கிலாந்தின் ஃபென்ஸ்டான்டன் ஊர்ப் பெற்றோர் ஹென்றி, மார்கரெட் வரை போக முடிகிறது.

டிலி குடும்பத்தை அடையாளம் காட்டியதோ கூட வந்த கூட்டம். எட்வர்ட் டிலி, அவர் மனைவி ஆன், அவர்களோடு உறவுக் குழந்தைகள் ஹென்றி சாம்சன், ஹுமிலிட்டி கூப்பர் என்று பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார். இத்தனை பெயரும் ஒன்றாகக் கூடும் ஒரு பாரிஷைத் தேடினால் பெட்ஃபோர்ட்ஷையரில் ஹென்லோ வருகிறது. 1614இல் எட்வர்ட் டிலி அங்கே ஆக்னஸ் கூப்பரை மணந்திருக்கிறார். ஆன் என்பதும் ஆக்னஸ் என்பதும் அன்று மாற்றி மாற்றி வழங்கிய பெயர்கள். இதைத் தெரியாதவர் வேறு பெண் என்று தாண்டிப் போயிருப்பார். ‘கசின்’ என்று அன்று எழுதினால் அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை, இன்னும் தூரத்து உறவு எல்லாம் அடங்கும். ‘ஜூனியர்’ என்றால் மகன் என்று கட்டாயமில்லை, ஊரில் அதே பெயரில் இளையவர் என்பதுதான்.

ஒரு தனிப் பெயரைப் பல பேர் சுமக்கலாம். சேர்ந்து வந்த ஐந்தாறு பெயர்கள் தற்செயலாக இன்னொரு ஊரில் அதே சேர்க்கையில் வருவது அரிது. ஹென்லோ ஏட்டில் 1607 ஆகஸ்ட் 30 அன்று ஜான் டிலியின் மகள் எலிசபெத்துக்கு ஞானஸ்நானம். பதின்மூன்று வயதுக்குச் சரியாக வருகிறது. 1596 செப்டம்பர் 20 அன்று அங்கே ஜான் டிலியின் திருமணமும் பதிவாகியிருக்கிறது.

பிராட்ஃபோர்ட் அவரை ‘ஜான் டிலியின் மனைவி’ என்று மட்டும் எழுதினார். கப்பலில் ஏறி, கரையிறங்கிய சில மாதங்களில் இறந்து, பத்துப் பேரக்குழந்தைகளில் ஒருவரையும் பார்க்காமல் போனவருக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. ஹென்லோ ஏட்டில் இருந்தது. ஜோன். ஹர்ஸ்ட் வீட்டுப் பெண், தாமஸ் ரோஜர்ஸ் என்பவரின் விதவை. 1970களில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.